அடித்த மருந்து எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பங்கு தமிழ்நாடு–கேரள எல்லைப் பக்கத்திலிருந்துதான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடை, தெற்கே கூடலூர், குமுளி. கேள்விகள் ஆளுக்கொரு மாதிரி இருந்தாலும் எல்லோருக்கும் இருக்கும் கவலை ஒன்றுதான்: மண்ணில் போட்ட பூச்சிமருந்து குடிக்கிற தண்ணீருக்கு வந்துவிடுமா? ஒரே வரியில் ஆமாம், இல்லை என்று சொல்ல முடியாது. மருந்தைப் பொறுத்தும் மண்ணைப் பொறுத்தும் பதில் மாறும். அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, கொழிஞ்சாம்பாறை பக்கம் புது வீடு கட்டுகிறோம். கரிசல் பூமி. கரையான் வரக்கூடாதென்று அஸ்திவாரக் குழியில் குளோர்பைரிபாஸ் கலந்து ஊற்றினார்கள். குழிக்கும் கிணற்றுக்கும் 20 அடிகூட இருக்காது. அதற்கப்புறம் ஒரு மழை பெய்தது. இப்போது கிணற்றுத் தண்ணீரில் ஒரு நெடி அடிக்கிறது. ‘மண் பிடித்துக்கொள்ளும், பயப்படாதீங்க’ என்கிறார் மேஸ்திரி. எங்கள் அத்தை அந்தத் தண்ணீரை யாரையும் தொடவே விடுவதில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் பிளீச்சிங் பவுடர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அத்தை பேச்சைக் கேளுங்கள். குடிக்க, சமைக்க, குளிக்க எதற்கும் அந்தத் தண்ணீர் இப்போதைக்கு வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம். பிளீச்சிங் பவுடரைக் கண்டிப்பாகப் போடாதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேஸ்திரி சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். குளோர்பைரிபாஸ் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாத பொருள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மில்லிகிராம்கூடக் கரையாது. மண்ணில் இருக்கும் மட்கு, அதாவது இலைதழையும் சாணமும் மக்கி உண்டான கரிமப் பொருள், அதை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். உங்கள் பக்கத்துக் கரிசலில் கரிமம் அரை சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும், மண்ணுக்குள் இருக்கும் ஒரு லிட்டர் ஈரத்தில் ஒரு பங்கு மருந்து இருந்தால் ஒரு கிலோ மண்ணில் ஏறக்குறைய 30 பங்கு ஒட்டியிருக்கும். கரிமம் 2 சதவீதம் உள்ள மண்ணாக இருந்தால் அந்த 30 என்பது 120 ஆகும். இதைத்தான் மேஸ்திரி அனுபவத்தில் ‘மண் பிடித்துக்கொள்ளும்’ என்கிறார்.

பிடித்துக்கொள்ள மண்ணுக்கு அவகாசம் வேண்டுமே, அதில்தான் சிக்கல். மருந்தை வாளித் தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுத்ததைப் பார்த்திருப்பீர்கள். அது கரைந்ததற்கு அடையாளம் இல்லை. எண்ணெயில் கரைத்து வைத்த மருந்து, கூடவே சேர்த்திருக்கும் பால்மமாக்கியின் உதவியால் பொடிப்பொடித் துளிகளாகத் தண்ணீருக்குள் மிதக்கிறது, அவ்வளவுதான். அந்தத் துளிகள் மண்துகளில் ஒட்டுவதற்குள் தண்ணீர் வேகமாக ஓடினால் கூடவே ஓடிவிடும். கரிசல் மண் வேனலில் எப்படி வெடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? முழங்கை வரை உள்ளே விடலாம், அவ்வளவு ஆழம் போகும் வெடிப்புகள். முதல் மழைத்தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக நேரே கீழே இறங்கும்போது மேல்மண் பிடிப்பதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. பின்னால் மண் ஊறி வெடிப்பு மூடிக்கொள்ளும், ஆனால் போனது போனதுதான். உங்கள் கிணற்றில் நெடி வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நெடியில் பாதி மருந்துடையது, பாதி அதைக் கரைத்து வைத்திருந்த எண்ணெயுடையது. எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். ஆகவே நெடி நின்றுபோனால் மருந்தும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அளவையும் பாருங்கள். வயலில் 20 சதவீத மருந்தை லிட்டருக்கு இரண்டு, இரண்டரை மில்லி கலப்போம். கரையானுக்கு ஒரு லிட்டர் மருந்துக்கு 19 லிட்டர் தண்ணீர், அதாவது லிட்டருக்கு 50 மில்லி. வயலைப்போல 20 மடங்கு கெட்டி. வயல் அளவில் போட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் பாதியாகக் குறைகிற இதே மருந்து, கரையான் அளவில் போட்ட மண்ணில் பாதியாவதற்கு ஆறு மாதம் முதல் நான்கு ஆண்டுக்கு மேல்கூட எடுத்திருக்கிறது. மருந்து சிதைந்து உண்டாகும் டிரைகுளோரோபிரிடினால் என்ற பொருளே மண் நுண்ணுயிர்களை அடக்கும் குணம் கொண்டது என்பதும் இதற்கு ஒரு காரணம். அந்தப் பொருள் தாய் மருந்தைப்போல நரம்பைத் தாக்குவதில்லை. ஆனால் மண்ணில் அவ்வளவாக ஒட்டாது, தண்ணீரோடு போகும். மேஸ்திரி சொன்ன ‘மண் பிடிக்கும்’ கணக்கு இதற்குப் பொருந்தாது.

உங்கள் கிணற்றுக்கே ஒரு கணக்குப் போடுவோம். 20 அடி விட்டம், 16 அடி தண்ணீர் என்றால் சுமார் 1 லட்சத்து 42 ஆயிரம் லிட்டர். 20 சதவீத மருந்து ஒரு மூடி, 25 மில்லி, அதில் விழுந்தால் 5 கிராம் குளோர்பைரிபாஸ். தண்ணீர் முழுக்கக் கலந்தால் லிட்டருக்கு 35 மைக்ரோகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 குளோர்பைரிபாஸுக்கு அனுமதிக்கும் உச்சம் 30 மைக்ரோகிராம். ஒரே ஒரு மூடி மருந்து ஒரு கிணற்றை வரம்பு தாண்ட வைத்துவிடும். மண்ணில் ஒட்டுமா ஒட்டாதா என்ற விவாதத்தையெல்லாம்விட, கிணற்று மேட்டில் வைத்து மருந்து கலக்காதே என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

இப்போது பிளீச்சிங் பவுடர். குளோரின் இந்த மருந்தில் உள்ள கந்தகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆக்சிஜனை வைத்துவிடும். அப்படி உண்டாகும் குளோர்பைரிபாஸ் ஆக்சான், நரம்பைத் தாக்குவதில் தாய் மருந்தைவிடப் பல மடங்கு வீரியம் உள்ளது. நம் உடம்புக்குள் போனதும் ஈரல் செய்கிற அதே வேலையை நீங்களே கிணற்றில் செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். கிருமிக்குப் பிளீச்சிங் பவுடர் நல்லது, இதற்கு வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள்.

செய்ய வேண்டியது: முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள் (எப்படி என்று கடைசிக் கேள்வியில் இருக்கிறது). அப்புறம் மோட்டார் போட்டு இறைத்து, கிணற்றிலிருந்து தள்ளி, குளத்துக்கோ வாய்க்காலுக்கோ போகாதபடி வெறும் நிலத்தில் பாயவிடுங்கள். ஊறி வந்ததும் மறுபடி பரிசோதனை. அஸ்திவாரத்தில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் கிணறு இருக்கும் பக்கத்தில் சுவரையொட்டி மூன்றடிக்குச் சிமெண்ட் தளம் போட்டு, கூரைத் தண்ணீரை வேறு திசைக்குத் திருப்பிவிட்டால் அந்த மண் நனைவது குறையும். நனையாத மண்ணிலிருந்து மருந்து நகராது. குளோர்பைரிபாஸை 2025இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், உலகம் முழுக்க ஒழிக்கப்பட வேண்டிய பொருட்களின் பட்டியலில் சில விலக்குகளோடு சேர்த்திருக்கிறார்கள். இனி வீடு கட்டப்போகிறவர்கள் கிணறு பக்கத்தில் இருந்தால் இந்த மருந்து இல்லாமல் என்ன வழி என்று முதலிலேயே கேளுங்கள்.

கேள்வி: வேலந்தாவளத்தில் தக்காளி போடுகிறேன். எந்த மருந்து வாங்கினாலும் ‘15 நாளில் மண்ணில் சுத்தமாக இருக்காது’ என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம் தம்பி. லேபிளில் மருந்து அடித்ததற்கும் காய் பறிப்பதற்கும் நடுவே விட வேண்டிய நாட்கள் என்று ஒரு எண் இருக்கும். காயில் மிஞ்சும் அளவு வரம்புக்குள் வர எடுக்கும் காலம் அது. காயில் வெயில் படுகிறது, காற்று படுகிறது, காயும் வளர்ந்து பெரிதாகிறது. மண்ணுக்குள் கதை வேறு.

மண்ணுக்கு அரை ஆயுள், அதாவது போட்ட மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் காலம், என்ற கணக்கைத்தான் பார்க்க வேண்டும். அரை ஆயுள் 30 நாள் என்றால் 60 நாளில் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 100 கிராம் போட்டால் 30 நாளில் 50, 60 நாளில் 25, 90 நாளில் 12.5, அப்படித்தான் குறையும். ஆறு மாதம் கழித்தும் ஒன்றரை கிராம் பாக்கி. நடுவில் நீங்கள் மறுபடி அடித்தால் பழைய பாக்கியின் மேல் புதியது சேரும். அந்த 30 நாள் என்ற எண்ணும் ஈரமும் மிதமான சூடும் உள்ள மேல்மண்ணில் அளந்தது. மருந்தைச் சிதைக்கிற வேலையில் பெரும்பகுதியைச் செய்வது நுண்ணுயிர்கள், அவை மேலே ஒரு அடிக்குள்தான் மண்டிக் கிடக்கும். மண் காய்ந்து கிடந்தால் அவை வேலை செய்யாது. நாலைந்து அடி கீழே போய்விட்டால் உயிர்களும் குறைவு, காற்றும் குறைவு. நிலத்தடி நீருக்குப் போய்ச் சேர்ந்தபின் இருட்டு, வெயில் கிடையாது. மேல்மண்ணில் ஒரு மாதத்தில் சிதைகிற மருந்து அங்கே வருடக்கணக்கில் இருந்துவிடும். இமிடாகுளோபிரிட்டை எடுத்துக்கொள்ளுங்கள், தெளிந்த தண்ணீரில் நல்ல வெயில் பட்டால் சில மணி நேரத்தில் பாதி போய்விடும், வெயில் படாத மண்ணுக்குள் பல மாதம் கிடக்கும். ஒரே மருந்துதான்.

கேள்வி: முதலமடையில் எங்களுக்கு மாந்தோப்பு. அப்பா காலத்தில் பூக்கும்போது எண்டோசல்பான் அடித்திருக்கிறார்கள். காசர்கோட்டில் நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. அது இன்னும் எங்கள் மண்ணில் இருக்குமா? எங்கள் தோப்பு மலையடிவாரத்துச் செம்மண். மாமா தோப்பு சித்தூர்ப் பக்கம் கரிசலில். இரண்டுக்கும் ஒரே பதில்தானா?

பதில்: ஒரே பதில் இல்லை. கேரளத்தில் கரிசல் மண் என்று சொல்லும்படி இருப்பது உங்கள் சித்தூர் தாலுகாவில்தான். அங்கே சுக்கான் கல் கலந்து மண் காரத்தன்மையோடு இருக்கும். ஒரு கரண்டி மண்ணில் வினிகரை ஊற்றினால் பொறுபொறுவென்று நுரைத்து வருவதை நீங்களே பார்க்கலாம். உங்கள் செம்மண்ணில் ஊற்றினால் ஒன்றும் நடக்காது, அது புளிப்பு மண். கேரளத்துச் செம்மண், செம்புரை மண் எல்லாம் பெரும்பாலும் பி.எச். 6க்குக் கீழே (பி.எச். 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்).

எண்டோசல்பானுக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம். பி.எச். 9 உள்ள தண்ணீரில் அது சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். பி.எச். 7இல் இரண்டு வாரம்போல ஆகும். பி.எச். 5இல் 200 நாளுக்கு மேல். அப்படித் தண்ணீரோடு வினைபுரிந்து உடையும்போது உண்டாகும் எண்டோசல்பான் டையால், தாய் மருந்தைவிட நஞ்சு குறைந்தது. சரி, அப்படியானால் மாமா தோப்பு தப்பித்தது என்று நினைப்பீர்கள். தண்ணீருக்குச் சொன்ன கணக்கு மண்ணில் அப்படியே நடக்காது. மண்துகளில் ஒட்டிக்கொண்ட மருந்தை நுண்ணுயிர்கள் வேறொரு பக்கமாக மாற்றி எண்டோசல்பான் சல்பேட் ஆக்கிவிடுகின்றன. அது தாய் மருந்துக்கு இணையான நஞ்சு, ஆயுளோ அதைவிட அதிகம். மருந்து இரண்டு வடிவங்கள் கலந்தது, ஆல்பா மூன்றில் இரண்டு பங்கு போல, மிச்சம் பீட்டா. ஆல்பா சீக்கிரம் ஆவியாகும், பீட்டா நின்று நிதானமாகப் போகும், சல்பேட் எல்லாவற்றுக்கும் பின்னால் போகும். ‘எண்டோசல்பான் இல்லை’ என்று ஒரு பரிசோதனை அறிக்கை வந்தால், சல்பேட்டையும் பார்த்தார்களா என்று கேட்காமல் அதை ஏற்காதீர்கள்.

காசர்கோட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 முடிய அங்கே முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் இருந்து தெளித்தார்கள். செம்புரைக் குன்றுகள், மண் புளிப்பு, மழை கொட்டும் ஊர், சரிவில் வீடுகள். குன்றைக் கிடையாகக் குடைந்து தண்ணீர் எடுக்கும் சுரங்கங்கள்தான் பல வீடுகளுக்குக் குடிநீர். மேலிருந்து தெளித்தது இலையில் விழுந்தது கொஞ்சம், ஓடையிலும் முற்றத்திலும் விழுந்தது மிச்சம். தெளிப்பு நின்று பல மாதம் கழித்து, 2001இல், அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆய்வு செய்தபோதும் அங்கிருந்த குழந்தைகளின் ரத்தத்தில் மருந்தின் எச்சம் இருந்தது. சீக்கிரம் சிதைந்துவிடும் மருந்து என்று சொல்லித்தான் விற்றார்கள். 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடுத்து நிறுத்தியது. அந்தக் குழந்தைகளுக்கு அது எவ்வளவு தாமதம் என்று நினைக்கும்போது இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு.

உங்கள் தோப்புக்கு வருகிறேன். நிறுத்திப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதென்றால் மேல்மண்ணில் தாய் மருந்து இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பார்க்க வேண்டிய இடம் தோப்பின் தண்ணீர் வடிந்து சேரும் குளத்து வண்டல். மண்ணோடு ஒட்டும் எந்த மருந்தும் மண் அரித்துப் போகிற இடத்துக்கே போகும், அங்கே சேற்றில் காற்றில்லாமல் கிடக்கும். குளம் தூர் வாரி வண்டலைக் காய்கறிப் பாத்தியில் போடுவதாக இருந்தால் அதற்கு முன் ஒருமுறை பரிசோதியுங்கள். அப்புறம் ஷெட்டில் பழைய டின் எதாவது மூலையில் கிடக்கிறதா பாருங்கள். மண்ணில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு ஆபத்து அது. கவிழ்க்காதீர்கள், புதைக்காதீர்கள், கிருஷி பவனில் (கேரள வேளாண் துறை அலுவலகம்) தகவல் கொடுங்கள்.

கேள்வி: மக்காச்சோளத்துக்கு அட்ரசின், வரப்புக்குக் கிளைபோசேட், இரண்டு களைக்கொல்லியும் எங்கள் ஊரில் அடிக்கிறார்கள். கிளைபோசேட் தண்ணீரில் நன்றாகக் கரைகிறது, அதனால் அதுதான் போர்வெல்லுக்குள் இறங்கும் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: கேட்டால் சரி மாதிரி இருக்கும், ஆனால் தலைகீழ். கிளைபோசேட் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராமுக்கு மேல் கரையும். அட்ரசின் 33 மில்லிகிராம்தான். ஆனாலும் நிலத்தடி நீருக்கு இறங்குவதில் அட்ரசின்தான் பேர் போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் அதை விலக்கியதற்குக் காரணமே நிலத்தடி நீர்தான்.

கிளைபோசேட்டின் ஒரு முனையில் பாஸ்பேட்டை ஒத்த ஒரு பகுதி இருக்கிறது. மண்ணில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பாஸ்பேட்டை எப்படிப் பிடித்து வைக்குமோ அப்படியே இதையும் பிடித்துக்கொள்ளும். செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமா? அங்கே பிடிப்பு இன்னும் பலம். அட்ரசினுக்கு அப்படிப்பட்ட பிடி எதுவும் இல்லை, மட்கில் லேசாக ஒட்டும், தண்ணீர் இறங்கினால் கூட இறங்கும். அதனால் மக்காச்சோளத்துக்கு அட்ரசின் அடித்த கையோடு வாய்க்கால் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சாதீர்கள். கனமழை வரும் என்று தெரிந்தால் அன்றைக்கு அடிக்காதீர்கள். மணல் கலந்த நிலமும் மேலாகத் தண்ணீர் இருக்கும் கிணறும் உள்ளவர்கள் கையால் களை எடுப்பதே நல்லது, கூலி அதிகம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இதனால் கிளைபோசேட் நல்ல பிள்ளை என்று ஆகிவிடாது. மண்ணோடு சேர்ந்து அரித்து ஓடைக்குப் போகும், சிதைந்து உண்டாகும் ஆம்பா என்ற பொருள் மண்ணில் நெடுநாள் இருக்கும். பாஸ்பேட் உரத்தை அதிகம் போட்டால் அந்த இடத்துக்குப் போட்டி வந்து, பிடித்து வைத்த கிளைபோசேட்டை மண் விட்டுவிடவும் கூடும். கேரளத்தில் இதை 2019லேயே தடை செய்துவிட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் இங்கே வாங்கி அங்கே அடிக்க வேண்டாம்.

கேள்வி: கூடலூரிலிருந்து தினமும் ஜீப்பில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறோம். மருந்து அடித்த மறுநாளே அந்தச் செடிகளுக்குள் வேலை. தோட்டத்து ஊற்றில்தான் தண்ணீர் மொண்டு குடிப்போம். போன மழையில் ஓடையில் நண்டும் பொடிமீனும் செத்துக் கிடந்ததைப் பார்த்தோம். கங்காணி ‘அது மழைக்குத்தான்’ என்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, மழைக்கு நண்டு சாகாது. நீங்கள் பயப்படுவது நியாயம்தான், அந்த ஊற்றுத் தண்ணீரை இனிக் குடிக்காதீர்கள், ஆளுக்கொரு கேன் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். சுமக்கக் கஷ்டம்தான், ஆனால் வேறு வழியில்லை.

ஏலமலை மண்ணில் இலைமட்கு நிறைய. மருந்தைப் பிடித்து வைப்பதில் கரிசலைவிட, செம்மண்ணைவிட நல்ல மண் அது. குயினால்பாஸ் மாதிரி மருந்துகள் இந்த மண்ணில் நன்றாக ஒட்டும், சூடான மேல்மண்ணில் மூன்று வாரம்போல எடுத்துப் பாதியாகும், மலைக் குளிரில் இன்னும் மெதுவாக. அப்படியிருந்தும் ஓடை நஞ்சாவதற்குக் காரணம் சரிவு. மருந்து அடித்து இலை காய்வதற்குள், அல்லது மறுநாளே, மழை கொட்டினால் இலையில் இருந்ததும் மேல் மட்கில் இருந்ததும் மண்ணோடு வழித்துக்கொண்டு நேரே ஓடைக்குத்தான் போகும். முதல் ஒரு மணி நேரத்து வெள்ளத்தில்தான் அளவு உச்சத்தில் இருக்கும். லேம்டா சைஹலோத்ரின் மாதிரி மருந்துகளையும் ஏலத்துக்கு அடிக்கிறார்கள். மனுஷனுக்குத் தெரியாத அளவு, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் ஒரு சிறு பங்கு, அதுவே மீனுக்குப் போதும், நண்டு இறால் வகைகளுக்கு அதைவிடக் குறைவே போதும். அதனால்தான் நண்டு முதலில் சாகிறது. ஓடையில் நண்டு செத்தால் மேலே எங்கேயோ மருந்து இறங்கியிருக்கிறது, அல்லது யாரோ டிரம்மை ஓடையில் கழுவியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் அதிகம் நடப்பது.

மறுநாள் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஈரமான இலைக்குள் இறங்காதீர்கள், சோப்பு போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள், வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். அடித்தது என்ன மருந்து என்று கங்காணியிடம் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. யாருக்காவது வேர்த்துக் கொட்டி, வாயில் நீர் ஊறி, கண்பாவை சின்னதாகி, சதை துடித்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் அந்தப் பெயரோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். டாக்டருக்கு அந்தப் பெயர்தான் முதலில் வேண்டும்.

கேள்வி: கோவிந்தாபுரத்தில் இருக்கிறோம். வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது, டி.டி.எஸ். 50க்குக் கீழே காட்டுகிறது. கொதிக்கவும் வைக்கிறோம். இதற்கு மேலும் பரிசோதனை வேண்டுமா? வேண்டுமென்றால் எங்கே?

பதில்: டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை மட்டும்தான் பார்க்கும். குளோர்பைரிபாஸுக்கு வரம்பு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம், எண்டோசல்பானுக்கு 0.0004 மில்லிகிராம். அந்த மீட்டரில் இது தெரியவே தெரியாது. 50 என்று காட்டுகிற தண்ணீரில் மருந்து இருக்கலாம், 900 காட்டுகிற தண்ணீரில் துளிகூட இல்லாமலும் இருக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து அப்படிப் போய்விடாது, தண்ணீர் சுண்டினால் ஆவியாகாத மருந்தின் செறிவு கூடவே செய்யும். ஆர்.ஓ. மெஷினில் இருக்கும் கார்பன் வடிகட்டி இந்த வகை மருந்துகளை நன்றாகவே பிடிக்கும், சவ்வும் கணிசமாகத் தடுக்கும். ஆனால் கார்பன் நிறைந்துபோனால் பிடிக்காது, அதைக் காட்ட மெஷினில் விளக்கு எதுவும் எரியாது. பக்கத்தில் மாந்தோப்பு இருக்கிறதென்றால் கார்பனைச் சொன்ன நாளுக்கு முன்பே மாற்றுங்கள்.

பரிசோதனைக்குக் கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வகம் இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். திருவனந்தபுரம் வெள்ளாயணியில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் இருக்கிறது. போவதற்கு முன் போன் செய்து கட்டணமும் பாட்டிலும் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்காதீர்கள், தண்ணீரில் கரைய விரும்பாத மருந்து பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, அறிக்கையில் குறைவாகக் காட்டும். நிறமுள்ள கண்ணாடி பாட்டில், இல்லையென்றால் சாதாரணக் கண்ணாடி பாட்டிலைக் கறுப்புத் தாளால் சுற்றி. ஆர்.ஓ. தண்ணீரை ஒன்றிலும், நேரே கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ எடுத்ததை இன்னொன்றிலும். போர் என்றால் பத்து நிமிடமாவது ஓடவிட்டுப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். மழைக்காலத்தின் முதல் நல்ல மழைக்கு அப்புறம் எடுத்தால் மோசமான நிலை என்ன என்பது தெரியும், கோடையில் எடுத்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்துத் தோப்புகளில் என்னென்ன அடிக்கிறார்கள் என்று விசாரித்து அந்தப் பெயர்களை விண்ணப்பத்தில் எழுதுங்கள், பக்கத்தில் ‘சிதைபொருட்களும் சேர்த்து’ என்று குறிப்பிடுங்கள், எழுதாவிட்டால் தாய் மருந்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும்.